மெலி மெல்லுக்கு அந்தப் பட்டம் தகுமா?

கேசட்காலம்:

ஹிப் ஹாப் வரலாறு பேசுகிற இடத்தில் எல்லாம் 'ஃபியூரியஸ் ஃபைவ்' குழுவின் ராப்பர் மெலி மெல் பெயருக்கு முன்னால் "சமூக உணர்வு ராப்பின் தந்தை" என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வாருங்கள்.

பட்டம் மொத்தமும் 1982 ஜூலையில் வந்த 'தி மெசேஜ்' என்ற ஒரே பாட்டின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இசைத்தட்டில் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்' என்று போட்டிருக்கும். ஆனால் குழுவின் டிஜே ஃபிளாஷ் அதில் தட்டே சுழற்றவில்லை. ஐந்து பாடகர்களில் மெல் தவிர மற்ற நான்கு பேர், பாட்டு முடிந்த பிறகு வருகிற குட்டி நாடகத்தில் குரல் கொடுத்ததோடு சரி. தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

பாட்டில் பெரும்பகுதியை எழுதியவர் எட் ஃபிளெட்சர். டியூக் பூட்டி என்று அழைப்பார்கள். தட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் ஸ்டூடியோவில் தாளக்கருவி வாசித்தவர். ஹிப் ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்க்ஸ்காரர்கூட இல்லை, நியூ ஜெர்சிக்காரர். உடைந்து கிடக்கும் கண்ணாடியும் நாற்றமடிக்கும் மாடிப்படியும் அவர் கண்ணில் பட்டவை. ஊரைக் காடாகப் பார்க்கிற அந்தப் பல்லவியும் அவருடையது.

குழுவுக்கோ பாட்டு பிடிக்கவே இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஆட வருகிறவனிடம் போய் அவன் வீட்டுக் கஷ்டத்தையே பாடுவதா என்று யோசித்தார்கள். கம்பெனி முதலாளி சில்வியா ராபின்சன் விடாப்பிடியாக நின்றார். மெல் மட்டும் இறங்கி வந்தார். முதலாளியம்மா சொன்னதற்காகப் பாடியவரைச் சமூகப் போராளி என்றால் எப்படி ஐயா?

தாளம்தப்பி:

பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்களே. 'தி மெசேஜ்' பாட்டின் கடைசிச் சரணம் யாருடையது?

ஒரு குழந்தை பிறக்கிறது. ஏழைப் பேட்டையில் வளர்கிறது. அங்கே கையில் பணத்தோடு திரிகிறவர்கள் எல்லாம் சூதாட்டச் சீட்டு விற்பவர்களும் தரகர்களும் திருடர்களும்தான். பையன் அவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறான். பள்ளியை விடுகிறான், வழிப்பறி செய்கிறான், சிறைக்குப் போகிறான். அங்கே அவனைச் சிதைக்கிறார்கள். கடைசியில் கொட்டடியில் தூக்கில் தொங்குகிறான். பாட்டைக் கேட்ட யாருக்கும் மறக்காத பகுதி இதுதான். இது மெல்வின் குளோவர் எழுதியது, அதாவது மெலி மெல்.

அதை அவர் 1982இல் எழுதவும் இல்லை. 1979இல், ஹார்லெமில் பாபி ராபின்சன் நடத்திய எஞ்சாய் ரெக்கார்ட்ஸுக்காக இவர்கள் பதிவு செய்த 'சூப்பர்ராப்பின்' தட்டிலேயே அந்தச் சரணம் இருக்கிறது. அப்போது மெல்லுக்கு 18 வயது. சில்வியா ராபின்சனுடன் அவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கவே இல்லை. (இரண்டு ராபின்சன்களுக்கும் உறவில்லை. குழம்ப வேண்டாம்.) முதலாளியம்மா வருவதற்கு முன்பே எழுதியதை முதலாளியம்மா கணக்கில் எழுதுகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்?

கேசட்காலம்:

'சூப்பர்ராப்பின்' எனக்கும் தெரியும். 12 நிமிடம் ஓடுகிற பாட்டு. அதில் முக்கால்வாசி "நான் யார் தெரியுமா, என் குரலைக் கேள், கையைத் தூக்கு" ரகம். ஐந்து பேரும் மாறி மாறித் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் நடுவில் ஒரு சரணம் சோகமாக வந்து போகிறது. கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் ஒரு நிமிடம் தத்துவம் பேசினார் என்பதற்காக அதை இரங்கல் கூட்டம் என்று சொல்லமாட்டோம்.

தாளம்தப்பி:

கல்யாண வீட்டில் அந்த ஒரு நிமிடம் யாரும் கேட்கவில்லை என்றுதானே நானும் சொல்கிறேன்! அதே சொற்கள், அதே ஆள். ஆனால் 1979இல் ஆட்ட வேகத்தில், டிஸ்கோ அடியில் ஓடின. கால் ஆடிக்கொண்டிருக்கும்போது காது வேலை செய்யாது. 1982இல் வேகத்தைக் குறைத்தார்கள். நிமிடத்துக்கு சுமார் 100 அடி. அந்தக் காலத்து ராப் தட்டுகளோடு ஒப்பிட்டால் இது நடை, மற்றதெல்லாம் ஓட்டம். சிந்தசைசரின் மூன்று நான்கு சுரங்கள், நடுவில் நிறைய வெற்றிடம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அந்த மெட்டுக்கும் நிதானத்துக்கும் பூட்டியையும் தயாரிப்பில் கூட இருந்த ஜிக்ஸ் சேஸையும் சில்வியாவையும் பாராட்டுங்கள். நானும் கைதட்டுகிறேன். ஆனால் சரக்கு மெல்லிடம் ஏற்கனவே இருந்தது.

பேட்டைவாசி:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் பேசாமலே ஒத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். கொண்டாட்டப் பாட்டு என்றால் கீழே, கஷ்டத்தைப் பாடினால் மேலே. இதை யார் சொன்னது?

1970களில் தெற்கு பிராங்க்ஸ் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பாருங்கள். நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட குறுக்கு பிராங்க்ஸ் விரைவுச்சாலை பேட்டைகளை நடுவில் பிளந்துகொண்டு போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதியுள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த கட்டடங்களின் மதிப்பு சரிந்தது. வாடகையைவிடக் காப்பீட்டுப் பணம் லாபம் என்று கணக்குப் போட்ட வீட்டுக்காரர்கள் தீ வைக்க ஆள் வைத்தார்கள். நகராட்சியிடம் பணம் இல்லை என்று அதே வட்டாரத்தில் தீயணைப்பு நிலையங்களை மூடினார்கள். 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன. எரிந்தும் கைவிடப்பட்டும் போனவை. 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் தெருவுக்கு வந்து செங்கல் குவியல்கள் மேல் நின்று பார்த்துவிட்டுப் போனார். 1980இல் ரீகன் அதே தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். தெரு அப்படியேதான் இருந்தது.

அந்த இடத்தில் ஒருவன் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, இரண்டு தட்டு சுழற்றி, 200 பேரை ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் ஆட வைத்தான் என்றால், அதுவே சமூகப் பணி. ஃபியூரியஸ் ஃபைவில் எல்லோரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். "இந்தப் பாட்டு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னதைக் கோழைத்தனம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தங்கள் ஆட்கள் எதற்காக வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேசட்காலம்:

நல்லா எழுதியிருக்கிறீர்கள், பேட்டைவாசி. ஆனால் இது என் கட்சிக்குத்தான் பலம். அப்படியானால் சமூக உணர்வு ஒரு பாட்டிலோ ஒரு ஆளிடமோ இல்லை. தந்தை, தாய் என்று யாருக்கும் பட்டம் வேண்டாமே.

நிலாமுற்றம்:

தந்தை யார் என்று தேடுவதென்றால் மெல்லுக்கு முன்னால் வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். ஹார்லெமின் லாஸ்ட் போயட்ஸ் என்ற கவிஞர் குழு 1968இல் கருப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் பிறந்தநாளில் சேர்ந்து மேடை ஏறினார்கள். அவர்களின் முதல் தட்டு 1970இல் வந்தது. அதே ஆண்டு கவிஞர் கில் ஸ்காட் ஹெரனும் வந்துவிட்டார். அவர்கள் செய்தது ராப் அல்ல, மத்தளத்தோடு கவிதை என்று சொல்வீர்கள். சரி, விடுங்கள். பிரதர் டி? 1980இலேயே கருப்பின மக்கள் எப்படி எழுவது என்று நேரடியாகக் கேட்ட ராப் தட்டு அவருடையது. ஊரே ஆடிக்கொண்டிருந்த ஒரு டிஸ்கோ பாட்டின் மெட்டை எடுத்து, அதன்மேல் "ஆடிக்கொண்டே இருக்கிறீர்களே, உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது பாருங்கள்" என்கிற தோரணையில் பாடினார். புரூக்ளினில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் டியூக் பூட்டி. அவரும் ஆசிரியர்தான். டிக்கின்சன் கல்லூரியில் படித்தவர். இசையை விட்ட பிறகு வகுப்பறைக்குப் போய், பிற்காலத்தில் ஜார்ஜியாவில் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். 2021 ஜனவரியில், 69 வயதில் இறந்தார். நானும் பாடம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இது மனதில் தங்கிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், கரும்பலகை முன்னால் நிற்கிற இந்த மனிதர் யார் என்று?

இதில் மெல்லின் தவறு என்ன என்று கேட்பீர்கள். தவறு இல்லை. பட்டத்தை அவருக்கு ஒட்டும்போது இந்த இரண்டு வாத்தியார்களும் காணாமல் போகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

தாளம்தப்பி:

அக்கா, பூட்டியை மறைத்தது மெல் இல்லை. தட்டில் குழுவின் பெயரைப் போட்டது கம்பெனி. அதோடு ஒரு வேடிக்கை: வீடியோவில் பூட்டியின் குரலுக்கு வாயசைப்பவர் ஃபியூரியஸ் ஃபைவின் ரஹீம். பாட்டில் அவர் ஒரு சரணம்கூடப் பாடவில்லை! திரைக்குப் பின்னால் ஒருவர் பாட, முன்னால் ஒருவர் வாயசைப்பது நமக்குப் பழகிய விஷயம். ஆனால் ராப்பில் 'என் கதையை நானே சொல்கிறேன்' என்பதுதான் மூலதனம். அங்கே இப்படி நடந்தது விசித்திரம்தான்.

ஆனால் இதையும் பாருங்கள். 'தி மெசேஜ்' ஓடிய அதே 1982இல் அதன் தொடர்ச்சியாக இன்னொரு தட்டு வந்தது. அதில் மெலி மெல், டியூக் பூட்டி என்று இரண்டு பெயரும் போட்டிருக்கிறது. தன் பாட்டை ஒருவன் திருடிவிட்டான் என்று நினைத்திருந்தால் பூட்டி அடுத்த மாதமே அவனோடு நின்று பாடியிருப்பாரா?

விளிம்புக்குறிப்பு:

"அடுத்த மாதமே" என்பது கொஞ்சம் கூடுதல் உற்சாகம், தாளம்தப்பி. அதே ஆண்டு என்பது சரி.

திருட்டு என்ற சொல் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ஷுகர் ஹில்லுக்கு இது புதிதல்ல. 1979இல் ராப்பை நாடு முழுக்கக் கொண்டுபோன அவர்களின் முதல் பெரிய வெற்றியான 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டில், பிக் பேங்க் ஹேங்க் பாடியது கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற வேறொரு ராப்பர் எழுதிய வரிகள். கேஸின் மேடைப் பெயரின் எழுத்துகள்கூட அப்படியே அதில் வருகின்றன. கேஸ் பெயர் தட்டில் இல்லை. அதோடு ஒப்பிட்டால் 'தி மெசேஜ்' நாகரிகமான பங்கீடு. ஃபிளெட்சர், குளோவர், ஜிக்ஸ் சேஸ், சில்வியா ராபின்சன் என்று நான்கு பெயரும் எழுதியவர் பட்டியலில் இருக்கின்றன.

பேட்டைவாசி:

சில்வியாவைப் பற்றி எல்லோரும் 'முதலாளியம்மா' என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்கள். 1956இலேயே மிக்கி அண்ட் சில்வியா என்ற ஜோடியாகப் பாடிப் பெரிய வெற்றி கண்டவர். 1973இல் தனியாக இன்னொரு வெற்றி. பாட்டு எது, வெறும் சத்தம் எது என்று தெரிந்த காது. இந்தப் பாட்டு வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர் அவர். லாபத்துக்காக உணர்ந்தாரா, நியாயத்துக்காக உணர்ந்தாரா என்று பிரித்துப் பார்க்க முடியாது. கடைசியில் அவர் கணக்கு தப்பாகப் போனது என்றும் சொல்ல முடியாது. கருப்பின இசைப் பட்டியலில் நான்காம் இடம், பிரிட்டனில் எட்டாம் இடம். அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் மட்டும் 62. அந்த 62ஐ யோசித்துப் பாருங்கள். நாட்டின் வரலாற்றுப் பாட்டு என்று இன்று சொல்கிறார்கள், அன்று வெள்ளைக்கார வானொலி நிலையங்கள் எத்தனை முறை போட்டிருக்கும்?

கேசட்காலம்:

சரி, 'தி மெசேஜ்' பற்றி இத்தனை பேசிவிட்டோம். அது ஒரு பாட்டு. ஒரு ஆளின் இசைவாழ்வைப் பற்றி அல்லவா நான் கேட்டேன்? அதற்குப் பிறகு என்ன செய்தார்? 1983இல் ஃபிளாஷ் சம்பளப் பாக்கி, பெயர் உரிமை என்று கம்பெனிமேல் வழக்குப் போட்டார். குழு இரண்டாக உடைந்தது. ஃபிளாஷோடு ரஹீமும் கிட் கிரியோலும் போனார்கள். கிட் கிரியோல் மெல்லின் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர்! சொந்த ரத்தம் ஒரு பக்கம், மெல் இன்னொரு பக்கம். சமூக நீதி பாடிய மனிதர், உழைப்பாளிகளின் காசுப் பிரச்சினையில் முதலாளி பக்கம் தங்கிவிட்டார். அதுமட்டுமா, தன் பெயருக்கு முன்னால் 'கிராண்ட்மாஸ்டர்' என்று சேர்த்துக்கொண்டார். ஃபிளாஷ் உழைத்துச் சம்பாதித்த பட்டப்பெயர் அது.

விளிம்புக்குறிப்பு:

அந்தப் பெயர் விவகாரத்தில் கேசட்காலம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1983இல் வந்த 'வைட் லைன்ஸ்' தட்டின் உறையில் "கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெலி மெல்" என்று போட்டார்கள். வாங்குகிறவன் ஃபிளாஷும் மெல்லும் என்றுதான் நினைப்பான். ஃபிளாஷ் அதில் இல்லை. இன்றுவரை அதை ஃபிளாஷின் பாட்டு என்று நினைக்கிறவர்கள் ஏராளம்.

அந்தப் பாட்டில் ஓடுகிற பேஸ் கிட்டார் வரிசை நியூயார்க்கின் லிக்விட் லிக்விட் குழுவுடையது. கேட்காமல் எடுத்தார்கள். வழக்கு ஆனது.

தாளம்தப்பி:

'வைட் லைன்ஸ்' வந்ததால் நானே அதைப் பேசிவிடுகிறேன். கோகெயினுக்கு எதிரான பாட்டு. அதில் ஒரு இடம் வரும். தெருப் பையன் ஒருவன் பிடிபட்டால் வருடக்கணக்கில் உள்ளே இருக்கிறான், வெளியே வந்து மறுபடி குற்றம் செய்கிறான். தொழிலதிபர் ஒருவர் 24 கிலோவோடு பிடிபட்டால் ஜாமீனில் வெளியே வந்துவிடுகிறார், அவ்வளவுதான் உலகம் என்கிறார். 1982 அக்டோபரில் கார் தயாரிப்பாளர் ஜான் டிலோரியன் கோகெயின் வழக்கில் கைதானது ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. கேட்டவனுக்கு அது யார் என்று விளக்க வேண்டியதே இல்லை. 1984இல் அவர் விடுதலையும் ஆனார். நடன அரங்கில் ஓடுகிற ஒரு பாட்டுக்குள் நான்கு வரியில் சட்டம் யாருக்கு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதை எழுத பூட்டி வரவில்லை. மெல்லும் சில்வியாவும்தான். பிரிட்டனில் 1984இல் ஏழாம் இடம் வரை போனது. மாணவராக இருந்த ஸ்பைக் லீ அதற்கு ஒரு வீடியோகூட எடுத்தார்.

அண்ணன் தம்பி பிரிந்தது பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட 22 வயதுப் பையன் எந்தப் பக்கம் நின்றான் என்று 40 வருடம் கழித்து தீர்ப்பு எழுதுவது எளிது. குழுவின் கௌபாயும் ஸ்கார்பியோவும் கூடத்தான் தங்கினார்கள்.

கேசட்காலம்:

'வைட் லைன்ஸ்' முதலில் எச்சரிக்கைப் பாட்டாகத் தொடங்கவில்லை, 'வேண்டாம்' என்பது பிறகு ஒட்டியது என்றும் ஒரு பேச்சு உண்டு. கேட்டுப் பாருங்கள், அந்த மெட்டில் போதை மேல் பயமா தெரிகிறது, ஆசையா தெரிகிறது? எனக்கு ஆசைதான் தெரிகிறது.

நிலாமுற்றம்:

இரண்டுமே தெரிகிறது. அதனால்தான் அது நல்ல பாட்டு. போதையின் ருசி தெரியாதவர் எழுதிய போதை எதிர்ப்புப் பாட்டுகள் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் வருடாவருடம் வரும். ஒரு பிள்ளையும் கேட்காது. அதே குழுவின் கௌபாய் கிராக் கோகெயினுக்கு அடிமையாகி 1989இல் 28 வயதில் இறந்துபோனார். அவர்களுக்கு அது வெளியே இருந்து பார்த்த விஷயமாக இல்லை.

பேட்டைவாசி:

கேசட்காலம் கேட்ட "அதற்குப் பிறகு என்ன செய்தார்" என்பதற்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. 1984ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தேர்தலில் நின்றார். மெல் அவருக்காக 'ஜெசி' என்று ஒரு பாட்டே போட்டார். ஓட்டுப் போடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கிற பாட்டு. ஜாக்சனுக்கு அந்த முறை 30 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. பாட்டால் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ராப்பரும் கட்சி அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காத நேரத்தில் ஒருவர் பெயர் சொல்லி ஆதரவு கேட்டார் என்கிறேன். அதே ஆண்டு அணு ஆயுதப் போரைப் பற்றி ஒரு பாட்டு. அதே ஆண்டு 'பீட் ஸ்ட்ரீட்' படத்தின் கடைசி மேடையில், ரயில் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்து இறக்கும் கிராஃபிட்டி பையனுக்காகப் பாடுகிறார்.

1985இல் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகக் கலைஞர்கள் சேர்ந்து போட்ட 'சன் சிட்டி' தட்டில் அவரும் இருக்கிறார். கில் ஸ்காட் ஹெரனும் இருக்கிறார். டியூக் பூட்டியும் இருக்கிறார். நிலாமுற்றம், நீங்கள் வரிசையில் நிற்க வைத்தவர்களில் மூன்று பேர் ஒரே தட்டில்!

நிலாமுற்றம்:

இது எனக்குப் புதுச் செய்தி. இன்றைக்கே தேடிக் கேட்கிறேன்.

புதுவரவு:

மன்னிக்கணும், இடையில் வருகிறேன். எனக்கு இவரை 2023இல்தான் தெரியும். எமினெம் வெள்ளைக்காரர் என்பதால்தான் அவரைப் பெரிய ராப்பர் வரிசையில் வைக்கிறார்கள் என்று பேட்டி கொடுத்தார். எமினெம் ஒரு பாட்டில் திருப்பி அடித்தார். இவர் பதிலுக்கு ஒரு பாட்டு போட்டார், இணையமே சிரித்தது. கடைசியில் இவரே மன்னிப்பும் கேட்டார். அந்தத் தாத்தாதானே இவர்? இவருக்கா இத்தனை பெரிய விவாதம்?

தாளம்தப்பி:

தம்பி, அந்தத் தாத்தாதான்.

கேசட்காலம்:

புதுவரவு கேட்டது கிண்டலாக இருந்தாலும் அடியில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 1984இல் அத்தனை செய்தவர் 1986க்குப் பிறகு எங்கே? ரன் டிஎம்சி ராப் குழு 1983இலேயே வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். தோல் உடுப்பு, ஆணி பதித்த பட்டை, இறகு என்று சர்க்கஸ் மாதிரி வந்த மெல் குழுவினர் ஒரே வருடத்தில் பழசாகிவிட்டார்கள். தெருவில் போட்டிருக்கும் அதே உடுப்போடு மேடை ஏறுகிறவன்தான் இனி உண்மையானவன். சமூகம் பாட சக் டி வந்தார், கே ஆர் எஸ் ஒன் வந்தார். 1988இல் பழைய குழு மறுபடி சேர்ந்து ஒரு தட்டு போட்டது, யாரும் கவனிக்கவில்லை. மெல்லின் குரலைப் பெரும்பாலான வீடுகள் கேட்டதே பாடகி சாக்கா கான் பாட்டின் தொடக்கத்தில் அந்த அம்மா பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போதுதான். 1984இன் பெரிய வெற்றி அது. சமூக உணர்வு எங்கே அதில்?

விளிம்புக்குறிப்பு:

அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கை தவறி அழுத்தியதால். மெல் ஒழுங்காக ஒரு முறைதான் சொன்னார். உங்கள் குற்றப்பத்திரிகையில் இந்த ஒன்றை அடித்துவிடலாம்.

தாளம்தப்பி:

:) நன்றி, விளிம்பு.

கேசட்காலம், நீங்கள் கேட்பது நிலைத்து நின்றாரா என்று. இல்லை. ஷுகர் ஹில் 80களின் நடுவில் சரிந்தது, அவரும் சேர்ந்து சரிந்தார். 1989இல் இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் தன் தட்டின் தலைப்புப் பாட்டில் ஐஸ் டி, பிக் டாடி கேன், கூல் மோ டீ ஆகிய ராப்பர்களோடு இவரையும் கூப்பிட்டார். அந்தப் பாட்டு கிராமி வாங்கியது. தனி ஆல்பம் போட 2007 வரை ஆனது. அதே 2007இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஹிப் ஹாப் குழு இவர்கள். 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலைத் தொடங்கியபோது, முதல் தொகுதியில் இடம்பெற்ற ஒரே ஹிப் ஹாப் பாட்டு 'தி மெசேஜ்'. மொத்த வரிசையில் இதெல்லாம் ஏறியும் இறங்கியும் போன ஒரு வாழ்க்கை. மேடு மட்டும் உள்ள வாழ்க்கையை யாரிடம் எதிர்பார்க்கிறீர்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சக் டி, கே ஆர் எஸ் ஒன் என்றீர்களே. 1982 இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்த வருடத்துக் கோடையில், ராப் என்றாலே கும்மாளம் என்று இருந்த நேரத்தில், அதட்டுகிற ஒரு குரல் சிரிக்காமல் பாடியது. அதற்குப் பிறகுதான் பதிவு நிறுவனங்கள் இப்படியும் பாடலாம், இது விற்கும் என்று நம்பின. பூட்டியின் வரிகளைப் பூட்டியே தனியாகப் பாடியிருந்தால் அதே வேகத்தில் அடித்திருக்குமா? பிரதர் டி பாடியது என்ன ஆனது?

நிலாமுற்றம்:

அது கொஞ்சம் கொடுமையான கேள்வி. பிரதர் டி-யிடம் ஷுகர் ஹில் அளவு விநியோகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் கேட்கலாமே.

தாளம்தப்பி:

கேட்கலாம், அக்கா. என்னிடம் பதில் இல்லை.

பேட்டைவாசி:

கேசட்காலம், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சூப்பர்ராப்பின்' தட்டை இன்று ராத்திரி ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். அப்புறம் வந்து எழுதுங்கள்.

மட்டுறுத்துநர்:

எமினெம் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். புதுவரவுக்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். வயதைக் கேலி செய்யும் சொற்கள் வேண்டாம், அது தாத்தாவாக இருந்தாலும் தம்பியாக இருந்தாலும்.

கேசட்காலம்:

கேட்டேன். இரண்டு முறை.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: நான் சொன்னதுபோலவேதான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் கும்மாளம். ஆனால் அந்தச் சரணம் வரும்போது ஒன்று கவனித்தேன். மற்ற நான்கு பேரும் வரிக்கு வரி ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்து பாடுகிறவர்கள், அங்கே அவருக்கு வழிவிட்டு நிற்கிறார்கள். மேளம் மட்டும் அதே வேகத்தில் போகிறது, ஒன்றும் தெரியாத மாதிரி. 18 வயதுப் பையன் அந்த வேகத்துக்குள்ளேயே ஒருவனைப் பிறக்கவைத்து, வளர்த்து, சாகவைத்துவிடுகிறான். உடனே அடுத்த ஆள் மறுபடி கையைத் தூக்கச் சொல்கிறான். அந்தத் திருப்பம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1982 பாட்டில் அது இல்லை. அங்கே எல்லாமே சோகம் என்பதால் சோகம் உறைக்கவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

எனவே சூப்பர்ராப்பின் சரணம் மெல்லுடையது, எந்த முதலாளியும் கேட்டு எழுதியதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ஜெசி' பாட்டும் என் கணக்கில் வராமல் போனது என் தவறு. ஃபிளாஷை விட்டுவிட்டு 'கிராண்ட்மாஸ்டர்' போட்டுக்கொண்டதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

தாளம்தப்பி:

அப்போ பட்டம்?

கேசட்காலம்:

பட்டம் தரமாட்டேன். வேண்டுமானால் பூட்டிக்கும் இவருக்கும் பாதிப் பாதி. பிரதர் டி-க்கு யாராவது தனி இழை தொடங்குங்கள், முதல் பதில் நான் போடுகிறேன்.